இன்று காலை பிடித்த நண்டு

கடலோரப் பெண்களுக்கு இணையத்தில் விற்கக் கற்றுத்தந்த ஒரு பயிற்சித் திட்டத்தின் நிறைவு விழா மலரில், வண்ணப் படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது: "திருமதி சு. அமுதவல்லி, கோட்டைக்குப்பம். இளம் தொழில்முனைவோர். பாரம்பரிய மீன்பிடிப்பில் வல்லவர். நாள்தோறும் அதிகாலையில் கணவருடன் படகில் சென்று, பழவேற்காடு ஏரியில் பிடிபடும் நண்டுகளை அங்கிருந்தே நேரலையில் காட்டி விற்பனை செய்துவருகிறார்."

இதில் ஊர்ப் பெயர் சரி. கணவர் உண்டு என்பதும் சரி.

அமுதவல்லிக்கு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. மீனவர் வீட்டில் பிறந்து மீனவர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர் என்றாலும் படகில் ஏறினால் அவருக்குக் குமட்டும். அந்தப் பக்கத்தில் பெண்கள் படகேறி வலை போடும் வழக்கமும் இல்லை என்பதால் இந்தக் குமட்டலால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. நேரலையில் அவர் ஒருநாளும் தோன்றியதில்லை. எல்லாவற்றையும்விட, அவர் விற்ற நண்டு அவர் கணவர் சுப்பராயலுவின் வலையில் பட்டதே அல்ல.

வீட்டுக்குப் பின்னால் ஏரித் தண்ணீர் வந்துபோகும் ஒரு குட்டை இருக்கிறது. அதில் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் வரிசையாக மிதக்கும். ஓடு மாற்றிய புதிதில் நண்டுக்குள் சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். ஏற்றுமதிக்கு வாங்குகிற வியாபாரி விரலால் வயிற்றை அழுத்திப் பார்த்து, "தண்ணி நண்டு" என்று ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியதை அமுதவல்லி மலிவாக வாங்குவார். பெட்டிக்கு ஒன்றாக அடைப்பார். இரண்டை விட்டால் மறுநாள் ஒன்றுதான் மிஞ்சும். கழிவு மீனை நறுக்கிப் போட்டுச் சதை பிடிக்க வைப்பார். மாடு வளர்ப்பது போன்ற வேலைதான். மாட்டிடம் எதிர்பார்க்கக்கூடிய பாசத்தை நண்டிடம் எதிர்பார்க்க முடியாது.

தொடக்கத்தில் அவர் உண்மையைத்தான் சொன்னார். நண்டு விற்கவென்று தொடங்கிய இணையப் பக்கத்தில் போட்ட முதல் வீடியோவில் பெட்டியைத் திறந்து காட்டி, "இது நானு தீனி போட்டு வளத்த நண்டு" என்றார். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் மகள் வைஷ்ணவி. இன்னொருவர் தூத்துக்குடியில் பிளாஸ்டிக் பெட்டி விற்பவர்.

பொன்னேரிக் கல்லூரியில் வணிகவியல் முடித்து அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் வைஷ்ணவிதான் குறையைக் கண்டுபிடித்தாள்.

"வளத்த நண்டுன்னா ஜனங்களுக்கு பிராய்லர் கோழி ஞாபகம் வருதும்மா. ஏரி நண்டுன்னு சொல்லு. நைனாவைப் படகுல நிக்க வை."

சுப்பராயலு படகில் நின்றார். விடியற்காலை வெளிச்சத்தில், கொடுக்கைக் கட்டிய நண்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். பின்னாலிருந்து அமுதவல்லியின் குரல், "இன்னிக்குக் காலைல புடிச்ச நண்டு, இன்னிக்கே உங்க வீட்டுக்கு" என்றது. பல்வலிக்காரருடையது போன்ற சுப்பராயலுவின் இயல்பான முகம், சென்னையில் உழைப்பின் களைப்பாகப் பார்க்கப்பட்டது. ஆர்டர்கள் வந்தன. அண்ணாநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் விஜயராகவன் என்பவர் குழு முழுவதற்கும் சேர்த்து வாங்கத் தொடங்கினார். "பண்ணை நண்டுன்னா எங்களுக்கு வேணாம் மேடம், அதுக்கு ஏதோ ஊசி போடறாங்களாம்" என்று முதல் நாளே தெளிவுபடுத்தினார். அமுதவல்லி தம் நண்டுகளுக்கு ஊசி போட்டதில்லை. ஆகவே அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதிக்கு மட்டும் பதில் சொன்னார்.

தினமும் விடியற்காலையில் வீடியோ எடுப்பது சலித்துப்போனது. ஒரே காலையில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. கரையில் கட்டிய படகிலேயே சுப்பராயலு சட்டை மாற்றி மாற்றி நின்றார்.

"சட்டைய மாத்தறேன், சரி. நண்டு அதேதான கீது? அதுக்கு இன்னா மாட்டுவே?" என்றார் அவர்.

"நண்டு மூஞ்சிய எவன் பாக்கறான்? நீ கம்முனு தூக்கிப் புடி."

நாளுக்கு ஒன்றாகத் தானே போய்க்கொள்ளும்படி வைஷ்ணவி போனில் நேரம் குறித்து வைத்தாள். அதன்பின் அந்த வேலையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மறப்பதற்காகத்தானே அந்த வசதி.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மாலை, ஊரில் ராஜேந்திரன் என்கிற மூத்த மீனவர் இறந்துபோனார்.

இங்கே இரண்டு வழக்கங்களைச் சொல்லவேண்டும். ஏரியில் வலை கட்டும் நல்ல இடங்களை யாரும் முந்திக்கொண்டு பிடித்துவிட முடியாது. இந்த ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். சீட்டுக் குலுக்கி, வீட்டுக்கு வீடு முறை வைத்து இறங்குவார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய இடம் ஒரு வீட்டுக்கு எப்போதாவதுதான் வரும். வந்தால் அந்த வருஷத்துக்கு மூச்சு விடலாம். வரும் அமாவாசைக்கு அது சுப்பராயலு வீட்டுக்கு வருவதாக இருந்தது. இன்னொன்று, ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது. ஏரியைப் பங்கிட்டுக்கொள்ளும் பக்கத்து ஊருக்கும் ஆள் அனுப்பிச் சொல்வார்கள். அவர்களும் மரியாதைக்கு நிறுத்துவார்கள். மீறினால் வீட்டின் பாடு முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அமுதவல்லி எல்லாம் முறைப்படி செய்தார். அண்ணாநகருக்கு, "ஊர்ல துக்கம், நாளைக்கு நண்டு இல்ல சார்" என்று செய்தி அனுப்பினார். சாவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். பொழுது விடிந்தது. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். வைஷ்ணவி குறித்து வைத்த நேரத்தில், நீலக் கட்டம் போட்ட சட்டையில், சுப்பராயலு உலகத்துக்கு முன்னால் நண்டைத் தூக்கிப் பிடித்தார். "இன்னிக்குக் காலைல புடிச்ச நண்டு..."

பிணத்தைச் சுற்றி நின்றவர்களின் சட்டைப் பைகளிலிருந்த போன்களுக்கு அது ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது.

மறுநாள் ஊர்க் கூட்டம். தலைவர் தருமன் சுப்பராயலுவை நிற்க வைத்தார்.

"அன்னிக்குக் காலைல எங்கய்யா இருந்தே?"

"பொன்னேரில, சாவுக்கு மாலை வாங்கப் போயிருந்தேன். படகு இஞ்சின் மெக்கானிக்காண்ட கீது. ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். நீ தொழிலுக்குப் போவல. உன் வீடியோ போச்சே! பக்கத்து ஊர்க்காரன் போன் பண்ணி இன்னா கேக்கறான் தெரியுமா? 'உங்க ஊர்ச் சாவுக்கு எங்க வலையெல்லாம் கரைல கெடக்குது, உங்க ஆளு நண்டத் தூக்கிக் காட்டிக்கினு சிரிக்கிறான்'னு கேக்கறான்."

"நான் சிரிக்கலியே தலைவரே."

வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கூட்டம் ஒப்புக்கொண்டது.

"போன் உன் கைல கீதா, அவ கைல கீதா?"

"அவ கைலதான். எனக்கு அதுல பேசத்தான் தெரியும்."

அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை என்பது நெடுநாள் ஒழுங்கு. அன்று வேறு வழியில்லாததால் ஒழுங்கைத் தள்ளி வைத்து அமுதவல்லியைக் கூப்பிட்டார்கள்.

"அழிச்சுடறேண்ணா," என்றார் அமுதவல்லி.

"அழிச்சா? பக்கத்து ஊர்க்காரன், பயந்து அழிச்சிட்டாம்பான். அவன் போன்ல புடிச்சி வெச்சிருக்கான்."

"பழைய வீடியோன்னு சொல்லிடறேன்."

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "எது பழசு? சாவு விழுந்தது சாயங்காலம். ராத்திரி போய்ப் புடிச்சிருந்தா அதுவும் பழசுதான். ஏரில புடிச்சதே இல்லன்னு சொல்லு. பெட்டில வளத்ததுன்னு சொல்லு. அதான நெஜம்?"

"நெஜந்தான்," என்றார் அமுதவல்லி. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த நிஜம்தான். அண்ணாநகருக்கு மட்டும்தான் தெரியாது.

தருமன் தீர்ப்பைச் சொன்னார். "வீடியோல பாத்தவனுக்கு வீடியோலதான் சொல்லணும். எந்த எடத்துல போட்டியோ அதே எடத்துல. அமாவாசைக்குள்ள சொல்லலன்னா பாடு அடுத்த வீட்டுக்கு."

வெளியே வரும்போது ஒரு பெண், "இன்னா அமுதா, இன்னிக்குக் காலைல எந்தச் சட்டை?" என்றாள். சிரிப்பு தெருக்கோடிவரை போயிற்று.

வீட்டில் வைஷ்ணவி வழி தேடினாள். "வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டு கஸ்டமரை மட்டும் மறைச்சிடலாம்மா."

"அதே எடத்துலன்னு சொல்லிட்டாங்களே."

"அந்தப் பேஜ்ல சொன்னா அண்ணாநகர் போச்சு. பெட்டியெல்லாம் சும்மா மிதக்க வேண்டியதுதான்."

சுப்பராயலு தொண்டையைக் கனைத்தார். "ஒன் நண்டா என் பாடான்னு நான் கேக்க மாட்டேன். ஆனா முகத்துவாரம்..." என்று தொடங்கியவர், நிறுத்திவிட்டு நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து மடித்தார். எதற்கு மடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. குட்டை அமுதவல்லியின் உழைப்பு. பாடு சுப்பராயலுவின் பிறப்புரிமை. ஒன்றைக் காப்பாற்ற மற்றதை விடவேண்டும் என்று கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. கேட்காமலே கிடைத்தால் நல்லது என்றிருந்தார்.

அப்போது விஜயராகவன் கூப்பிட்டார். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

"துக்கம்னு சொன்னீங்க மேடம், நாங்களும் சரின்னோம். காலைல பார்த்தா அவ்ளோ பெரிய நண்டு! அது யாருக்குப் போச்சு? ஹோட்டல்காரன் கூடக் குடுத்தானா?"

"யாருக்கும் போவல சார்."

"அப்போ புடிச்சது எங்கே?"

ஊர் அமுதவல்லியை நண்டு பிடித்த குற்றத்துக்கு விசாரித்தது. அண்ணாநகர், பிடித்த நண்டை வேறு ஆளுக்குக் கொடுத்த குற்றத்துக்கு விசாரித்தது. இரு தரப்பாரும் நம்பிய அந்த நண்டு குட்டையில், தன் பெட்டிக்குள் கழிவு மீன் தின்றுகொண்டிருந்தது.

"நாளைக்கு வீடியோ போடறேன் சார், அதுல பாருங்க," என்று போனை வைத்தார்.

மறுநாள் படகும் இல்லை, சுப்பராயலுவும் இல்லை. குட்டை ஓரத்தில் வைஷ்ணவி போனைப் பிடிக்க, அமுதவல்லி முதல்முறையாகத் தம் முகத்தைக் காட்டினார். தலை வாரச் சொன்ன மகளிடம், "தப்பு சொல்றதுக்கு எதுக்குடி பூ?" என்றார். பெட்டியிலிருந்து நண்டை எடுத்து, வயிற்றை விரலால் அழுத்திக் காட்டினார்.

"வணக்கம். இது ஏரில வலையில புடிச்ச நண்டு இல்ல. தண்ணி நண்டா வாங்கி இந்தப் பெட்டில தீனி போட்டு வளத்தது. ஊசி எதுவும் போடல. இதுவரைக்கும் ஒங்களுக்கு வந்தது எல்லாம் இதான். படகுல எங்க வூட்டுக்காரரு தூக்கிக் காமிச்சது எல்லாம் ஒரே நாள் எடுத்தது. எங்க ஊர்ல சாவு அன்னிக்கு யாரும் தொழிலுக்குப் போவல. அன்னிக்கு வீடியோ வந்தது எங்க தப்பு. நண்டு நல்ல நண்டு. நாங்க சொன்னதுதான் பொய்."

தருமன் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பக்கத்து ஊருக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு கட்டை விரல் வந்தது. பாடு சுப்பராயலு வீட்டுக்கே நின்றது.

விஜயராகவன் நம்பிக்கை என்பதைப் பற்றி நீண்ட செய்தி ஒன்று அனுப்பிவிட்டு, குழுவோடு விலகிக்கொண்டார். மற்ற வாடிக்கையாளர்களிலும் பலர் போனார்கள். இருந்தவர்களில் சிலர், பெட்டி நண்டுதானே, விலையைக் குறைக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அமுதவல்லி குறைக்கவில்லை. தீனி செலவு அதேதான் என்றார். குட்டையில் பாதிப் பெட்டிகள் கொஞ்ச காலம் காலியாக மிதந்தன.

தாம் விற்றது பெட்டியில் வளர்த்த நண்டு என்று, அதை ஏரி நண்டென்று நம்பிக் காசு கொடுத்தவர்களிடமே அமுதவல்லி சொன்னார்.