படியில்லாத வாசல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் புதூர்நாட்டுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். எதிர்வீட்டில் தன் தம்பி குடும்பத்தோடு ஒரு தையல்காரம்மா இருந்தார். இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் சூம்பிப்போனவர். கைகளை ஊன்றித் தரையில் நகர்வார். காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் செருகியிருக்கும். எதைச் சொன்னாலும் தரையில் வரைந்துதான் சொல்வார்.

தன் சம்பாத்தியத்தில் ஓர் அறை வீடு கட்ட நினைத்தபோதும் கட்டட வேலையைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கு அப்படித்தான் வரைந்து காட்டினார். அடுப்பும் அலமாரியும் உட்கார்ந்தபடி எட்ட வேண்டும். வாசலில் படி கூடாது, சரிவு வேண்டும்.

பால் காய்ச்சும் நாளில் போய்ப் பார்த்தால், வாசலில் மூன்று படிகள்.

“படி இல்லாத வூடு இன்னா வூடுக்கா? நாலு பேரு சிரிப்பாங்க. வா, நான் தூக்கிக்கினு போறேன்” என்று தம்பி குனிந்தார்.

“கையை எடு. அந்த நாலு பேருமா இதுல குடியிருக்கப் போறாங்க? நாளைக்கு நீ காட்டுக்குப் போய்ட்டா என்னை யாரு தூக்குவா?”

கடப்பாரையைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்தபடியே படியை இடிக்கத் தொடங்கினார். நல்ல நேரம் போகிறது என்றார் பூசாரி.

“போவட்டும்.”

வீட்டைக் கட்டிய மேஸ்திரி வந்து மீதியை இடித்து, மண் கொட்டிச் சரிவாக்கினார். தையல்காரம்மா தானே நகர்ந்து உள்ளே போனார். தம்பி உட்பட எல்லோருக்கும் பால் கொடுத்தார். என்னிடம் மட்டும் மெல்லக் கேட்டார்:

“சொந்த வூட்டுக்குள்ள போறதுக்கே இவ்ளோ சண்டை போடணுமா சார்?”

குடிபுகும் நாளில் கோபத்தோடு வீட்டுக்குள் போன இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அவ்வளவு நியாயமான கோபத்தையும்.