பழுப்பு அட்டை போட்ட நோட்டுகள்

எதற்கும் தேதி போட்டு வைப்பது என் பழக்கம். மழை பெய்த நாள், படித்து முடித்த புத்தகம், எல்லாம் டயரியில் இருக்கும்.

2006இல் மகள் முத்தியால்பேட்டையில் நான்காம் வகுப்பு. பேச்சில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாசிப்புதான் வரவில்லை. ஆனாலும் ஸ்கூட்டரில் டவுனுக்குப் போனால், தெருமுனையிலுள்ள நீலத் தெருப்பெயர்ப் பலகைகளை வாசித்துப் பார்க்காமல் விடமாட்டாள். பிரெஞ்சுப் பெயர் பிடிபடாவிட்டால் தானே ஒன்று வைப்பாள். "அப்பா, இது ஒட்டகத் தெரு!"

அவள் நோட்டுகளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஞாயிறுதோறும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, அந்த வாரப் பாடத்தை வேறு நோட்டில் எழுதவைப்பேன். பழுப்பு அட்டை, லேபிள், தேதி. கிறுக்கல் நோட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.

அவளுக்கு டிஸ்லெக்சியா என்று டாக்டர் சொன்னார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகச் சாரம் பகுதியில் ஒரு டீச்சர் தன் வீட்டு மாடியில் தனிப்பள்ளி நடத்தினார். அந்த ஜூனில் ஒரே ஓர் இடம்தான் காலி. "பழைய நோட்டெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றார் போனில்.

நாங்கள் போனபோது பெரிய மார்க்கெட்டில் பூ விற்கும் ஓர் அம்மாவும் தன் மகளோடு வந்திருந்தார். ஒரு சாக்கைத் தரையில் கவிழ்த்தார். கிழிந்த நோட்டுகள், சிலேட்டு, மஞ்சள் கறைபட்ட தாள்கள்.

"கோழி கிளறின மாதிரி இருக்கும் டீச்சர், திட்டாதீங்க."

"இதுதாம்மா எனக்கு வேணும்" என்று டீச்சர் சிரித்தார்.

என் நோட்டுகளைப் புரட்டியபோது சிரிக்கவில்லை. "இதுல உங்க பொண்ணு எங்க சார் இருக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"எங்க தடுமாறுறான்னு தெரியணும். ஒரு அடித்தல்கூட இல்லையே. முதல்ல எழுதினது எங்க?"

"பழைய பேப்பருக்குப் போட்டுட்டேன்."

அவர் நோட்டுகளை மூடி என் பக்கம் நகர்த்தினார். "ஒரு இடம்தான் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு என்ன செய்யணும்னு இப்பவே தெரியுது. உங்க பொண்ணை முதல்ல இருந்து பாக்கணும். அடுத்த ஜூன்ல வாங்க."

படியிறங்கும்போது மகள் கேட்டாள்: "நான் நல்லா எழுதிட்டேன்னுதான் சேத்துக்கலையாப்பா?"

என்ன பதில் சொன்னேன் என்று டயரியில் எழுதவில்லை. அன்றைய பக்கத்தில் 'இடம் இல்லை' என்று மட்டும் இருக்கிறது.

பழைய பள்ளியிலேயே இன்னொரு வருஷம். அவள் திக்கித் திக்கி வாசிக்க எழுந்தால், "பாசஞ்சர் வண்டி வந்துட்டுதுடி, எல்லாரும் எறங்குங்க" என்று வகுப்புப் பிள்ளைகள் கிண்டல் செய்வார்களாம். இதை அவள் சொல்லவில்லை. அவளோடு படித்த பக்கத்துவீட்டுப் பெண் என் மனைவியிடம் சொன்னாள்.

அடுத்த ஜூனில் சாரத்தில் சேர்த்தோம். டீச்சர் பொறுமைசாலி. மெதுவாக வாசிப்பு வந்தது. சேர்ந்த தேதி, முதல் முழுப்பக்கம் வாசித்த தேதி, இரண்டும் என்னிடம் உண்டு.

ஆனால் ஸ்கூட்டரில் என் பின்னால் அவள் பேசாமல் வர ஆரம்பித்திருந்தாள். நான்தான் வேகத்தைக் குறைத்து, "இது என்ன தெருடி?" என்பேன். "தெரியலப்பா, போங்க" என்பாள். கடைசியாக எந்தத் தெருவுக்குப் பெயர் வைத்தாள், அது என்றைக்கு என்று டயரியில் எத்தனையோ முறை தேடிவிட்டேன். இல்லை.