அடுப்பெரியும் காம்பரா

மலை சரிந்து நாலு மாதம் கழித்து, ஸ்பிரிங்வெளிக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணனை அடித்தாவது லயத்து வரிசை வீட்டிலிருந்து இழுத்து வந்துவிடுவது என்பது திட்டம். திட்டம் போட்டவன் கொழும்புப் புடவைக்கடையில் பதினெட்டு வருடமாகத் துணி மடிப்பவன். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்ததில், பஸ் பதுளைக்கு வருமுன்பே பாதி வீரம் வெளியே போய்விட்டது.

கீழ் லயம் இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. மலை அதை மென்று ஆற்றில் துப்பியிருந்தது. கூரைத் தகரங்கள் மரங்களில் ஈரத்துணி மாதிரி சுற்றிக் கிடந்தன. என்னோடு படித்த ஒருவனின் கால்களை முதல்நாளும் மிச்சத்தை மறுநாளும் எடுத்தார்களாம். அதற்கு மேலே தப்பிய தேயிலைச் செடிகள் துளிர்த்திருந்தன. பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மேல் லயம் விழவில்லை. ஆனால் அதன் பின்னால் தரை, என் கை தோள்வரை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அண்ணன் மட்டும் தினமும் காலையில் மலையேறிப் போய்ப் பழைய காம்பராவில் அடுப்பு மூட்டுவான். லயத்து அறைக்கு எங்களிடம் ஏது பத்திரம்? புகை வந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். புகை நின்றால் தோட்டத்தை நடத்தும் துரையின் ஆட்கள் பூட்டு மாட்டி இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மண்ணுக்குள் போனாலும் பரவாயில்லை, பூட்டு மட்டும் விழக்கூடாது என்று நின்றான் அண்ணன்.

அன்று மழை பிடித்துக்கொண்டது. நானும் அண்ணியும் ஏறிப் போனபோது அவன் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தான்.

"வாங்க கொழும்புத் தொரை. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"எந்திரிண்ணே. மல வருது."

"வரட்டும். அதுக்கும் ஒரு கோப்ப ஊத்துறேன்."

தோளைப் பிடித்து இழுத்தேன். அவன் விட்ட அறையில் என் கண்ணாடி அடுப்புக்குள் போய் விழுந்தது. குனிந்து அவன் வயிற்றில் முட்டினேன். தலைமயிரைப் பிடிக்கப் பார்த்தான், வழுக்கை காப்பாற்றியது. காதைப் பிடித்துச் சுவரில் மோதினான். மூன்றாவது மோதலில் பின்சுவரிலிருந்து ஒரு கல் கழன்று எங்கள் காலடியில் விழுந்தது. என் மண்டையின் பலம் என்று ஒரு கணம் பெருமையாகவே இருந்தது. பிறகுதான் தரையும் நடுங்குவது தெரிந்தது.

அண்ணி மூலையில் சாத்தியிருந்த அலவாங்கை எடுத்தாள். யார் மண்டைக்கு என்று தெரியாமல் நாங்கள் விலகினோம். அந்த இரும்புக் கடப்பாரையை அடுப்பின் மேல் ஓங்கிப் போட்டாள். கேத்தல் பறந்து கொதிநீர் அண்ணன் காலில் கொட்டியது. அவன் அலற அலற, அடுப்பு நொறுங்கும்வரை குத்தினாள்.

"இருபத்திரெண்டு வருசம் இதுல ஒலை வச்சவ நானு. இப்ப பொகையக் காட்டு பாப்போம்!"

அண்ணன் சாம்பலையே பார்த்துக்கொண்டு நின்றான். அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் அலவாங்கை வாங்கிக் கதவைப் பெயர்க்க ஆரம்பித்தான்.

"கதவு நான் போட்டது, தொர போட்டதில்ல. புடிடா அந்தப் பக்கம்."

ஆளுக்கொரு முனையாகக் கதவைத் தலையில் ஏற்றி, கொட்டும் மழையில் இறங்கினோம். அண்ணி முன்னே போனாள். என் காதிலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் ஏதோ பெரிதாக முறிந்து விழுந்தது. தலையில் கதவோடு திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"மெதுவாப் போண்ணே, வழுக்குது."

"வாயப் பொத்திக்கிட்டு வா. ரெண்டு கையும் கதவுல இருக்கு, அதான் நீ தப்பிச்ச."