அம்மாவின் கொழுப்பு

என் தங்கச்சிக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. புற்றுநோய் செல்களுக்குச் சாப்பாடு போடுவாள். தட்டில் ஒட்டிக்கிடக்கிற செல்கள் மேல் ஒரு சிவப்பு நீரை மாற்றி ஊற்றுவதுதான் சாப்பாடு.

போன வருஷம் அம்மாவின் கட்டியிலிருந்து ஆராய்ச்சிக்கென்று கொஞ்சம் கேட்டார்கள். "எடுத்துக்கட்டும், எனக்கு அதால என்ன பிரயோஜனம்?" என்று அம்மாவே கையெழுத்துப் போட்டாள். அது தங்கச்சி மேஜைக்கே வந்து சேர்ந்தது. அம்மா போய்விட்டாள், அது மட்டும் போகவில்லை. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

"அடங்காத செல்லோட உறையிலதான் சீக்கிரம் கெடுற கொழுப்பு ஜாஸ்தி" என்றாராம் இவளுடைய மேடம். உள்ளே இருக்கிற இரும்பு பட்டால் அந்தக் கொழுப்பு பழைய எண்ணெய் மாதிரி காறலெடுத்து, உறை கிழிந்து, செல் செத்துவிடுமாம். அப்படி ஆகாமலிருக்க, சாப்பாட்டில் வரும் ஒரு சத்தை வைத்து அது கவசம் செய்துகொள்கிறது. அந்த ஒரு சத்தை நிறுத்தினால் கதை முடிந்தது.

"அம்மாவுக்குக் கொழுப்புன்னு கண்டுபிடிக்க மைக்ரோஸ்கோப் வேறயா?" என்றேன். தங்கச்சி சிரிக்கவில்லை.

இரண்டு தடவை அந்தச் சத்தை நிறுத்திப் பார்த்தும் செல்கள் சாகவில்லை. மேடம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். இன்னொரு தடவை தோற்றால் இந்த வேலையையே மூட்டை கட்டிவிடுவார்களாம். எனக்குச் சந்தேகம் தட்டியது.

"என்னடி பண்ணினே?"

"கிளம்பறப்ப எப்பவும் போடற சாப்பாட்டையே ஊத்திட்டேன்க்கா. பட்டினி போட மனசு வரல."

கடைசி மாசம் அம்மாவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இவள்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிப் பைத்தியக்காரி! அது அம்மா இல்லடி. அம்மாவத் தின்னது! அதுக்குப் போய் ஊட்டி விடறியா?" திட்டிவிட்டு நானும் அழுதேன். வேறென்ன செய்வது?

மறுநாள் மேடத்திடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். "திரும்பவும் செய், நீயே செய்" என்றாராம் மேடம். சத்தில்லாத நீரை ஊற்றி மூடிவிட்டு, நேராக வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

காலையில் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து போன் வந்தது.

"அக்கா, எல்லாம் வெடிச்சுக் கெடக்கு. மேடம் சந்தோஷத்துல எல்லாருக்கும் கை குடுக்கறாங்க."

"நல்லதுதானேடி?"

"நல்லதுதான். அம்மா சாவுக்குன்னு போன வருஷமே லீவு எடுத்துட்டேன். மறுபடி கேட்டா தருவாங்களாக்கா?"