நாக்கு வெளியே தெரியாத கேட்டு

கேட்டுக்காரர் தன் வீட்டுக்காரிக்குப் பன்னிரண்டாயிரம் கடன்பட்டிருந்தார். வெளியே ஒருத்தரிடமும் ஒரு காசு பாக்கி வைக்காத மனிதர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்து, அடுத்தவன் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டி, இன்றைக்கு இரும்புக் கேட்டு செய்கிற சொந்தப் பட்டறை, மூன்று ஆளுக்குச் சம்பளம் என்று நிமிர்ந்து நிற்கிறவர். வீட்டுக்குள் மட்டும் கடன்காரர்.

நகரத்துக்கு வெளியே இருக்கிற வனவிலங்குப் பூங்காவில் ஓநாய்களின் வேலிக்கு ஒரு கேட்டு வேண்டும் என்றார்கள். லாரி நுழைகிற அகலம், இரண்டு கதவு. உச்சிக் கோடையில் செய்து மாட்டினார். குழாய் வாங்கக் கைப்பணம் பற்றாமல், வீட்டுக்காரி திரைச்சீலை தைத்துச் சேர்த்ததை வாங்கிப் போட்டார். பூங்காவிலோ, ஒரு குளிர்காலம் தாண்டட்டும் என்று கடைசிப் பன்னிரண்டாயிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வழக்கம் அப்படி. "அதுக்கென்ன, என் கேட்டு பேரன் காலம் வரைக்கும் நிக்கும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

குளிர்காலமும் வந்து, முடிகிற கட்டத்தில் இருந்தது. வீட்டுக்காரி ஒரு பழைய ஓரம் தைக்கிற மெஷினுக்கு விலை பேசி வைத்திருந்தாள். நாளைக் காலைக்குள் பணம் போகாவிட்டால் அது வேறு ஆளுக்கு. அன்று பார்த்து, "கிளம்பு, பூங்காவுக்குப் போய்ச் சுத்திட்டு வரலாம்," என்றார் கேட்டுக்காரர்.

"ஒன்பது வருஷமா இல்லாத ஆசை இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"பொண்டாட்டியை வெளியே கூட்டிட்டுப் போறது குத்தமா?"

"பணம் வாங்கப் போறீங்கன்னு சொன்னா நான் வரமாட்டேனா? எதுக்கு இந்த நடிப்பு?" என்று சொல்லிக்கொண்டே அவள் கம்பளிச் சட்டையை மாட்டினாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பூங்காவின் மேனேஜரம்மாவைப் பார்த்தார்கள். அவள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கவரைக் காட்டினாள். "பணம் தயாரா இருக்கு, ஐயா. நீங்களே ஒரு தடவை கேட்டைப் பார்த்துட்டு, சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டு வாங்கிக்கங்க." அவ்வளவுதான் வேலை. கேட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு ஓநாய் வேலிக்கு நடந்தார்.

தூரத்திலிருந்து பார்க்கும்போதே நெஞ்சு பூரித்தது. எத்தனை பெரிய கதவு, ஒரு இடத்திலாவது தொங்கல் உண்டா? கிட்டே போனார். இரண்டு கதவும் சந்திக்கிற இடத்தில் குனிந்தார். பூரிப்பு அப்படியே வடிந்துபோனது.

தாழ்ப்பாளின் நாக்கு துவாரத்துக்குள் நகக்கண் அளவுதான் போயிருந்தது.

அவருக்குக் காரணம் புரிய ஒரு நொடி போதும். மற்ற பட்டறைக்காரர்கள் தாழ்ப்பாள் நாக்கை நீளமாக விடுவார்கள். அந்தப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். இவர் கேட்டில் நாக்கு வெளியே தெரியாது. அதுதான் இவர் முத்திரை. கொதிக்கிற வெயிலில், இரும்பு நன்றாக நீண்டிருந்த நேரத்தில், அளந்து வெட்டிய நாக்கு. குளிரில் இரண்டு கதவும் கீல் பக்கமாகச் சுருங்கி, நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது. வெயிலுக்கு இடம் விடத் தெரிந்தவர், குளிரை மறந்துபோனார்.

தீனி போடுகிற ஆள் வாளியோடு வந்தான். "என்ன பெரியவரே, உங்க கேட்டா? அருமையா இருக்கு. ஒரு தொந்தரவும் கொடுக்கலை."

"ம்," என்றார்.

அதற்குமேல் அவரால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வீட்டுக்காரியை இழுத்துக்கொண்டு கரடியைப் பார்க்கப் போனார். கரடி தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து கேட்டைப் பார்த்தார். மான் பக்கம் போனார். திரும்பி வந்தார். பறவைக் கூண்டுக்குப் போய், ஒரு பறவையையும் பார்க்காமல் மறுபடி வந்தார். அவள் வாங்கிக் கொடுத்த டீ கையிலேயே ஆறியது. வாயைத் திறக்காவிட்டால் கவர் கைக்கு வரும், மெஷின் வீட்டுக்கு வரும். இன்னும் ஒரு மாதத்தில் வெயில் ஏறினால் நாக்கு தானாக உள்ளே போய்விடும். யாருக்குத் தெரியப்போகிறது?

"கால்ல என்ன சக்கரமா?" என்றாள் அவள். "மூச்சு வாங்குது எனக்கு. அந்தக் கேட்டுல என்ன?"

"ஒண்ணுமில்லை."

அப்போது ஒரு பெரிய ஓநாய் சாவகாசமாக வந்து கதவில் விலாவைத் தேய்த்தது. கதவு டக்கென்று ஆடியது. கேட்டுக்காரர் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அவள் கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"ஊரையே கூட்டிப் பேசுற வாய். இன்னைக்குப் பூட்டிக்கிச்சாக்கும்?"

"உன் மெஷின் போயிடுமேடி."

"மெஷின் என் கவலை. கேட்டு யாரோடது?"

அவர் விறுவிறுவென்று மேனேஜரம்மாவிடம் போய், நின்றபடியே சொன்னார்: "நாக்கு குட்டை. தப்பு என்னோடது. ஓநாய்களை உள் அறைக்கு அனுப்பச் சொல்லுங்க. உங்க பட்டறையில வெல்டிங் மெஷின் இருக்கா?"

இருந்தது. பார்க்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, வெளியே போட்டுக்கொண்டு வந்த நல்ல சட்டையோடு கேட்டுக்காரர் மண்டியிட்டார். பழைய நாக்கோடு கட்டைவிரல் நீளத்துக்குக் கம்பி சேர்த்துப் பற்றவைத்தார். குளிரில் விரல்கள் விறைத்து வெல்டிங் ராடு பிடிபடவில்லை. ஊதி ஊதிச் சூடேற்றிக்கொண்டார். அப்படியும் அந்த ஒட்டைப் பார்த்தால் ஒட்டென்று சொல்ல முடியாது. அந்த நகரத்தில் வேறு எவன் கை அப்படிப் பேசும்? வீட்டுக்காரி ஒரு தகரத்தைப் பிடித்துக் காற்றை மறைத்து நின்றாள். அன்று அவள் பார்த்த மிருகம் ஒன்றரை: ஓநாய் ஒன்று, தூங்கின கரடி அரை.

தாழ்ப்பாளைத் தள்ளினார். நாக்கு முழுசாக உள்ளே போய், அந்தப் பக்கம் அசிங்கமாக நீட்டிக்கொண்டு நின்றது. அவர் முகத்தைச் சுளித்தார்.

"விடுங்க. உங்க நாக்கைவிடக் கொஞ்சமாத்தான் நீளுது," என்றாள்.

மேனேஜரம்மா வந்து தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். அலுவலகத்தில் கவரைப் பிரித்து ஐந்நூறை எடுத்துத் தனியே வைத்தாள். "வெல்டிங் மெஷினுக்கும் ராடுக்கும், ஐயா."

"என் கேட்டை நானே சரி பண்ணதுக்கு நானே வாடகையா?"

"நீங்களே சொன்னதாலதான் ஐந்நூறோட போச்சு."

கேட்டுக்காரர் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். வீட்டுக்காரி முழங்கையால் இடித்ததால் விழுங்கிக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாருமில்லை. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். அவர் எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக வைத்தார். பதினோராயிரத்து ஐந்நூறில் கவர் காலியானது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"வாடகை போனதை நீயும்தானே பார்த்தே?"

"நான் கொடுத்தது பன்னிரண்டு."

பஸ் வந்துகொண்டிருந்தது. கேட்டுக்காரர் டீ காய்ந்த சட்டைப் பையில் கைவிட்டு, கசங்கிய நூறுகளை ஒவ்வொன்றாக நீவி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று உரக்க எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தார்.