சப்பாத்துக் கழற்ற இடமில்லாத விண்கப்பல்

தையல் வகுப்பு நிரம்பிவிட்டதால்தான் நான் விண்வெளிக்குப் போனேன். பிராண்டே என்கிற எங்கள் டெனிஷ் பட்டணத்தில் மாலை வகுப்புகளுக்குப் பெயர் பதிகிறவள், "அதே செவ்வாய், அதே நேரம், பக்கத்து அறைதான்" என்று சொல்லி என்னை அங்கே தள்ளிவிட்டாள். கறுப்பின மக்களின் கலையும் எதிர்காலக் கற்பனையும் பற்றிய வகுப்பாம். எனக்கு வந்த கோபத்துக்கு வீட்டுக்கே திரும்பியிருப்பேன். வீட்டில்தானே இருக்க முடியவில்லை.

நாங்கள் விட்டு வந்த ஊரில் போர் முடிந்து மூன்று கிழமை, இருபத்தொரு நாள். கடைசி நாட்களில் அங்கே அகப்பட்டுப்போன என் மனிசனின் அண்ணையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மனிசன் காற்றாலை இறகு செய்கிற தொழிற்சாலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். வாயில் கதை மட்டும் இல்லை. சோறு போடட்டோ என்று கேட்டால் தலை ஆடும். இருபது வருசமாக என்னை வாயை மூடச் சொன்ன மனிசன் இப்படித் தன் வாயை மூடிக்கொண்டதும் நான் உண்மையாகவே பயந்துபோனேன்.

ஆசிரியையின் தகப்பன் கானாக்காரர், தாய் டெனிஷ்காரி. வெள்ளி உடுப்பும் தங்கக் காப்புமாக நட்சத்திரங்களுக்கு நடுவில் நிற்கிற கறுப்பு மனிதர்களின் படங்களைக் காட்டினாள். எங்கள் கலியாண வீடுகளில் இதைவிட மினுக்கம் என்று நான் சிரித்தேன். அவள் கோபிக்கவில்லை. "இவர்களுடைய முன்னோரைச் சங்கிலி போட்டுக் கப்பலின் அடியில் ஏற்றினார்கள். எதிர்காலக் கதை எழுதியவர்களும் இவர்களுக்கு இடம் வைக்கவில்லை. அதுதான் தங்கள் கப்பலைத் தாங்களே படமாகக் கீறிக்கொண்டார்கள்" என்றாள். என் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த கிழமைக்கு ஒவ்வொருவரும் தங்கள் சனத்துக்கு ஒரு விண்கப்பல் கீறிக்கொண்டு வரவேண்டும் என்றாள்.

எனக்குக் கோலம் வரும், படம் வராது. சமையலை முடித்துவிட்டுக் குசினி மேசையில் இருந்து கீறினேன். கப்பல் புட்டுக்குழல் மாதிரி வந்தது. உள்ளே முதலில் குசினி, பிறகு நாற்பது மூட்டை அரிசி, மிளகாய்த்தூள் பேணி, சாமியறை. தேத்தண்ணியோடு அந்தப் பக்கம் வந்த மனிசன் நின்று பார்த்தார்.

"உது என்ன?"

இத்தனை கிழமைக்குப் பிறகு வந்த முதல் கதை! அதற்காக என் குணம் போய்விடுமா?

"கண் தெரியேல்லையோ? விண்கப்பல்."

"உமக்கென்ன விசரே? வாசலிலை சப்பாத்து எங்கை கழட்டுறது?"

"ஆகாயத்திலை ஆர் சப்பாத்துப் பாக்கிறது?"

"அப்ப சப்பாத்தோடை சாமியறைக்குள்ளை மிதந்து போறதோ?"

"கழட்டினாலும் மிதக்கும்தானே!"

அவர் பென்சிலைப் பறித்து, வாசலில் மூடி வைத்த சப்பாத்துப் பெட்டி ஒன்று கீறினார். பிறகு சாமிப் படம் கிழக்கே பார்க்க வேண்டும் என்றார். சூரியனைத் தாண்டிப் போனால் கிழக்கு எது என்று கேட்டேன். அரைமணி நேரம் சண்டை. கடைசியில் சாமியறையைச் சுழல விடுவது என்று தீர்மானித்தோம். "இந்தச் சுவர் காணாது, தடிப்பாக் கீறும்" என்று தொழிற்சாலை அதிகாரமும் காட்டினார். தேத்தண்ணி ஆறிப்போனதற்கும் எனக்குத்தான் ஏச்சு. ஏச்சு வாங்கி அவ்வளவு சந்தோசப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

பிறகு மனிசன் கப்பலின் பின்பக்கம் பெரிதாக ஓர் அறை கீறினார்.

"இது என்னத்துக்கு? அரிசிக்கோ?"

"இல்லை. அண்ணை வந்தால் எங்கை படுக்கிறது?"

வெங்காயம் வெட்டாமலே எனக்குக் கண்ணீர் வந்தது.

"கட்டிலை நீளமாக் கீறுங்கோ," என்றேன். "அவர் உயரமெல்லே."

நீளமாகவே கீறினார். பிறகு தாளை வாசல் பக்கமாகத் திருப்பி, அங்கே இருந்த சப்பாத்துப் பெட்டியில் இன்னொரு சோடிக்கு இடம் கூட்டினார்.