ஊளி மீன் வயிற்றில் இருந்த புழு

என் கையெழுத்து கோடு போட்ட தாளிலும் நேராக நிற்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கள் பக்கத்தில் ழவை ளவாகத்தான் பேசுவோம். எழுதும்போதும் எனக்கு அப்படியே வந்துவிடும். புழு என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் புளு என்றே எழுதியிருந்தேன். நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிறவர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை இன்னும் இருக்கும். அந்தப் பிழைகளைத்தான் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறேன். நான் செய்த மற்ற காரியத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

வாரத்தில் ஆறு நாள் சிவகாசியில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். அச்சடித்து வருகிற தாள்களை அளவு பார்த்து வெட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் மார்க்கெட்டில் கட்டையும் கத்தியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சனங்கள் வாங்கி வருகிற மீனைச் செதில் சுரண்டி, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பேன். இரண்டு வேலையிலும் யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனால்தான் இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் ஊருக்குக் கடல் மீன் தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். கடலை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் கடல் மீனின் உள்ளே என்னென்ன குடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாறை மீனின் வாயைத் திறந்தால் சில சமயம் நாக்கு இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு பூச்சி கால்களை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கு நான் வைத்த பேர் நாக்குப் பூச்சி. சாளை மீனின் விலாவில் பேன் மாதிரி ஒன்று கவ்விக்கொண்டிருக்கும். அதைப் பிய்த்தால் தோலில் குழி விழுந்திருக்கும். சில மீனின் சதைக்குள் வெந்த அரிசி மாதிரி ஒன்று இருக்கும். ஊளி என்று எங்கள் மார்க்கெட்டில் சொல்கிற, கூரான பல்லும் நீள உடம்பும் உள்ள மீனில், குடலின் மேலும் வயிற்றுச் சுவரிலும் கடிகாரத்து ஸ்பிரிங் மாதிரி சுருண்ட புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மீன் எவ்வளவு புதிதோ அவ்வளவு உயிரோடு இருக்கும். விரல் பட்டால் சுருள் விரியும்.

இதையெல்லாம் நான் யாருக்கும் காட்டியதில்லை. கட்டைவிரலால் வழித்து, குடலோடு சேர்த்துக் காலடி வாளியில் போட்டுவிடுவேன். தெரிந்தால் வாங்க மாட்டார்கள், எனக்கும் வேலை இருக்காது. இத்தனை வருடமும் இப்படித்தான் நடந்தது.

என் இடப்பக்கம் ஓர் அக்கா மீன் விற்றுக்கொண்டிருந்தாள். புருசன் இல்லை. மகளை அந்த மீனை வைத்தே படிக்கவைத்தாள். மார்க்கெட்டில் எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். வாங்குகிறவர்களிடம், "எந்தம்பிகிட்ட வெட்டிக்கோங்க. அவன் பேச மாட்டான், அவங் கத்திதான் பேசும்" என்பாள். யாராவது பேரம் பேசினால், "ஏன் தாயி, அம்புட்டுக்குக் கேட்டா நான் தூத்துக்குடிக்கு நடந்துதாம் போய்ட்டு வரணும்" என்பாள். சிரிப்பார்கள், வாங்குவார்கள். பழைய மீனை அவள் விற்று நான் பார்த்ததில்லை. மிஞ்சியதைக் கருவாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போவாள்.

ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பாதிப் பேர் கவிச்சி சாப்பிட மாட்டார்கள். விரதம் முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் நிற்க இடம் இருக்காது. இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இது நடந்தது.

அக்காவிடம் வாடிக்கையாக வாங்குகிற ஒரு டீச்சரம்மா பெரிய ஊளி ஒன்று வாங்கி என்னிடம் வெட்டக் கொடுத்தார்கள். பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். அவசரத்தில் குடலை மட்டும் இழுத்துவிட்டு வயிற்றுச் சுவரை வழிக்காமல் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டேன். விட்டது நான்.

அரைமணி நேரத்தில் அவர்கள் சட்டியோடு திரும்பி வந்தார்கள். கூட்டத்தின் நடுவில் சட்டியை என் கட்டை மேல் வைத்தார்கள். கழுவின துண்டுகளின் மேல் நாலைந்து புழு நெளிந்தது.

"இது என்னது?" என்றார்கள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "டீச்சர், காலையில வந்த லோடு. செவுளு ரத்தமாட்டம் இருந்துச்சே, நீங்களே பாத்தீகளே" என்றாள்.

"நீ பேசாத. வித்தவ அப்படித்தான் சொல்லுவ. அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீக. இது என்ன?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். "இது கடல்லயே மீனுக்குள்ள இருக்கிறது. கெட்டுப்போனதுல வர்றது வேற. நான்தான் வழிக்காம விட்டுட்டேன். நல்லா வேகவச்சாச் செத்துப்போயிரும்." இவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால், ‘இத்தனை நாளும் நீ வழித்துப் போட்டது இதைத்தானா’ என்ற கேள்வி வரும். வழிக்காமல் விட்டது நான் என்பதும் வெளியே வரும்.

"புழு" என்றேன்.

அதோடு நிறுத்திவிட்டேன். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் மார்க்கெட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. மீன் அழுகிவிட்டது, புழு வைத்துவிட்டது. அது எனக்கும் தெரியும்.

"கேட்டீகளா?" என்றார்கள் டீச்சரம்மா. பின்னால் இருந்து ஒருவன், "மீனுக்குப் புழு இலவசம் போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நான் கத்தியைக் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏந்தம்பி, அது புது மீன்தான? நீ வெட்டுனவந்தான?"

"ம்" என்றேன்.

"அந்த ‘ம்’ம அங்கன சொல்லிருக்கக் கூடாதா?"

புழு மீன்காரி என்ற பேர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. தள்ளியிருந்த கடைக்காரர்கள் அதை ஒட்டவைத்தார்கள். தீபாவளிக்குள் அவள் வருவது நின்றுவிட்டது. சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசு ஆபீஸில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவள் இடத்தில் ஒரு கருவாட்டு வியாபாரி உட்கார்ந்தார். பட்டாசு ஆபீஸில் எங்காவது வெடிச் சத்தம் கேட்டது என்று யாராவது சொன்னால் எந்தப் பக்கம் என்று முதலில் கேட்கிறவன் நானாக இருந்தேன். சாத்தூர்ப் பக்கம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சோறு இறங்கும்.

இந்த வருடம் காலண்டர் சீசன் முடிந்து மாசி மாதத்தில் பிரஸ்ஸுக்குச் சில்லறை வேலைகள் வந்தன. அதில் ஒன்று சுவரில் மாட்டுகிற படத்தாள். மீன் இறங்குகிற இடங்களில் ஒட்டுவதற்காம். மேலே பெரிய எழுத்தில், கடல் மீன்களில் ஒட்டுண்ணிகளை அறிவது எப்படி என்று போட்டிருந்தது. வெட்டுவதற்கு என் மேஜையில் கட்டு வந்து இறங்கியதும் நான் மிஷினை நிறுத்திவிட்டேன். நாக்குப் பூச்சி இருந்தது. விலாவைக் கவ்வுகிற பேன் இருந்தது. அரிசி மாதிரி இருப்பது இருந்தது. கீழ் வரிசையில் என் ஸ்பிரிங் புழு சுருண்டு கிடந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். உயிருள்ள மீனில் வாழும் புழு, மீன் கெட்டதற்கு அடையாளம் அல்ல, நன்றாக வேகவைத்தால் இறந்துவிடும் என்று எழுதியிருந்தது.

கலர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அந்தத் தாளைத் தயாரித்த அம்மா ஒருவர் வந்திருந்தார். மீன் படிப்புப் படித்தவர். நான் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "என்ன அண்ணே, அருவருப்பா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. இது ஊளியில கூட இருக்கும். குடல்ல மட்டுமில்ல, வயித்துச் சுவத்துலயும் ஒட்டியிருக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மீன் வெட்டுவதைச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோசம். "இதைத்தான் சனங்களுக்குப் புரியவைக்க முடியல. புழுன்னாலே அழுகுனதுன்னு நினைக்கிறாங்க. பாவம், விக்கிறவங்க மேலதான் பழி வருது. உங்களை மாதிரி தெரிஞ்சவங்க மார்க்கெட்டுலயே ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும் அண்ணே" என்றார்.

நான் மிஷினைப் போட்டுவிட்டேன்.

ஓரத்தில் மை படிந்து கழிவில் போன ஒரு தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். பசை காய்ந்து விரல் ஓரமெல்லாம் உரிந்திருந்தது. தாளைத் தரையில் விரித்து அந்தப் படத்தைக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன போட்டிருக்கான்?"

படித்துக் காட்டினேன்.

"இதப் பாத்துத்தான் ஒனக்குத் தெரிஞ்சுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். "இல்லக்கா. அன்னைக்கே தெரியும்" என்றேன்.

"ஏலே" என்றாள். அதற்கு முன்பு என்னை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "அது என்ன புழுன்னு தெரியாமச் சொல்லிட்டன்னுதானலே இத்தன நாளும் ஒன்ன நெனச்சு வச்சிருந்தேன்."

தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். "இந்தத் தாள வச்சு நான் என்ன செய்ய? பொட்டுக்கடலை மடிக்கவா? எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது. அந்த டீச்சரம்மாகிட்டச் சொல்லு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா வந்தார்கள். நெத்திலி வாங்கினார்கள். ஆய்ந்து கொடுத்தேன். போய்விட்டார்கள். நான் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவே வந்தாள், கையில் பையோடு, வாங்குகிறவளாக. மார்க்கெட்டைச் சுற்றி வந்து பெரிய ஊளி ஒன்று வாங்கி என் கட்டை மேல் போட்டாள். டீச்சரம்மா வருகிறவரைக்கும் தன் மீனை வெட்ட விடவில்லை. அவர்கள் வந்ததும், "இப்ப வெட்டு. எல்லாருக்கும் தெரியிற மாதிரி வெட்டு" என்றாள்.

வயிற்றைக் கீறினேன். இருந்தது. கத்தி நுனியில் எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். சுருள் விரிந்தது. டீச்சரம்மா ஓரடி பின்னால் போனார்கள்.

"இது கடல்லயே இருக்கிறது டீச்சர். புது மீன்லதான் இப்படி உசுரோட இருக்கும். அழுகுனதுல வர்றது இல்ல. அன்னைக்கு நீங்க கொண்டுவந்ததும் இதுதான். அக்கா குடுத்தது நல்ல மீனு. நான்தான் வழிக்காம விட்டேன்." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பின்னால் நின்றவர், "என்ன சொல்றாரு?" என்று கேட்டார். திரும்பவும் ஒருமுறை முழுதாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

டீச்சரம்மா அக்காவைப் பார்க்கவில்லை. "அப்ப தெரிஞ்சேதான் அன்னைக்கு அப்படிச் சொன்னீகளா அண்ணாச்சி?" என்றார்கள்.

"ஆமா டீச்சர்."

"ச்சே" என்றார்கள். மீனை வேறு ஆளிடம் கொடுத்து வெட்டிக்கொண்டு போனார்கள். பிறகு என்னிடம் அவர்கள் வரவில்லை. இன்னும் சிலரும் வரவில்லை. வருகிறவர்களுக்கு இப்போது எடுத்துக் காட்டிவிட்டுத்தான் வாளியில் போடுகிறேன். முகம் சுளிப்பவர்கள் உண்டு. கிட்ட வந்து பார்க்கிறவர்களும் உண்டு.

அக்கா அன்று துண்டுகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டாள். "திரும்ப இங்கன வந்து உக்காருக்கா" என்றேன்.

"எங்க உக்கார? அந்தக் கருவாட்டுக்காரரு மடியிலயா?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு சாத்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். மறுநாள் அவளுக்கு ஆபீஸ் இருந்தது. இன்றைக்கும் அங்குதான் போகிறாள்.

அன்று மார்க்கெட்டில் நான் சொன்னது பத்துப் பேர் காதில் விழுந்திருக்கும். அவளைப் பற்றித் தப்பாகக் கேட்டவர்கள் அதைவிட அதிகம். என் குரல் அவ்வளவு தூரம் போகாது என்பதால் எழுத உட்கார்ந்தேன். நாலு வாரம் எழுதியும் கிழித்தும் இன்று முடித்தேன். பங்குனி மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.